மணிக்கூடு வெட்டுப்பட்ட படம்

2025 செப்டெம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் சேரிங் கிராஸ் நிலையத்திலிருந்து நான்கு நிமிட நடையில் உள்ள ஹார்ட்லி ஹவுஸ் விடுதியின் 412ஆம் அறையிலிருந்து, கையால் தைத்த சிவப்புத் துணிப்பை ஒன்று காணாமல் போனது. மின்பூட்டின் பதிவின்படி, காலை 9.38க்கும் பிற்பகல் 1.15க்கும் இடையில் அந்த அறைக்கதவை ஒரே ஒரு கார்ட்தான் திறந்திருந்தது. நேரம் 10.41. கார்ட், அறைகளைத் துப்புரவு செய்யும் இம்மாகுலேற்றுடையது.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு, ட்ரஃபல்கார் சதுக்கத்தின் படிக்கட்டில் பாலேந்திரா தன்னுடைய காலைச் சுற்றுலாக் குழுவுக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக லண்டனை நடந்து காட்டுவதே அவருடைய தொழில். எந்த வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தச் சிலைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, எந்தத் தெருவில் காலையில் நிழல் விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் கவனத்தை நம்பி, தெரிந்தவர்கள் சில சமயம் வேறு சங்கடங்களையும் அவரிடம் கொண்டுவருவதுண்டு. அப்படிக் கொண்டுவருகிறவர்களில் முதல் ஆள் மினிகாப் ஓட்டும் மேர்வின்.

மேர்வின் அன்று காரை எங்கேயோ தூரத்தில் விட்டுவிட்டு, ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்த அந்தப் பெண்தான் இம்மாகுலேற். வயது ஐம்பத்திரண்டு, மன்னார்க்காரி, மேர்வினுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். அதே விடுதியில் பதின்மூன்று வருடமாக வேலை.

"பாலா அண்ணை, இது லேசான கேஸ் இல்லை," என்றார் மேர்வின். "ஆனா எனக்கு ஆள் ஆரெண்டு விளங்கீட்டுது."

"முதல்லை அவ சொல்லட்டும்," என்றார் பாலேந்திரா. "நீர் பிறகு ஆளைப் பிடிக்கலாம்."

இம்மாகுலேற் கைப்பையிலிருந்து விடுதி மேலாளரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பாலேந்திரா அதை இரண்டு முறை வாசித்தார். நான்காம் மாடியில் தங்கியிருந்த குடும்பத்தில் நான்கு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தவநாயகி 412இல். கிங்ஸ்பரியில் வசிக்கும் மகள் கௌசியும் மருமகன் ரதீசனும் அடுத்த கதவான 414இல். தவநாயகியின் அண்ணன், ரொறொன்ரோ விஜயரத்தினம், 409இல். திங்கள் இரவு தவநாயகி ஊருக்குப் பறக்க இருந்ததால், போகுமுன் நகரத்தின் நடுவில் மூன்று நாள் தங்கி இடங்கள் பார்க்கலாம் என்று மகள் ஏற்பாடு செய்திருந்தாள். ஞாயிறு காலை 9.38இலிருந்து பிற்பகல் 1.15 வரை நால்வரும் வெளியே இருந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இம்மாகுலேற் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருக்கிறார். திங்கள் மாலை ஐந்து மணிக்கு மேலாளர் முன் வரவேண்டும். அதன்பிறகு விடயம் காவல்துறைக்குப் போகும்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம், ஆனால் இந்தக் கடிதத்தோடு எந்த விடுதி தன்னை எடுக்கும் என்று இம்மாகுலேற் கேட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது.

"ஞாயிறு பூசையிலை நான்தான் வாசகம் வாசிக்கிறனான், அண்ணை. கள்ளி எண்ட பேரோட எப்பிடிப் பீடத்திலை ஏறி நிக்கிறது?"

பாலேந்திரா அவரிடம் ஞாயிறு காலை செய்த வேலையை ஒழுங்கு மாறாமல் சொல்லும்படி கேட்டார். இம்மாகுலேற் தன் வேலைத்தாளைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். 410 முடிந்தது 10.40க்கு. 412 தொடங்கியது 10.41, முடிந்தது 11.05. அதற்கு அடுத்து 414 வரவேண்டும். ஆனால் தாளில் 414க்கு நேரே ஒரு கோடு கீறி, 416 எழுதப்பட்டிருந்தது. 414 துப்புரவானது 12.20க்கு.

"414ஐ ஏன் விட்டிட்டுப் போனீங்கள்?"

"ஆள் உள்ளுக்கை. வாசலிலை சப்பாத்துக் கிடந்தது."

மேர்வின் சிரித்துவிட்டார். இம்மாகுலேற் விளக்கினார். அந்தக் குடும்பம் வந்த முதல் நாளே, வீட்டில் செய்வதுபோல, விடுதி நடைபாதையிலும் சப்பாத்துகளைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனது. தவநாயகி மேசையில் முருகன் படம் வைத்திருக்கிறார். சப்பாத்தோடு உள்ளே போக அவருக்கு மனம் இல்லை. பிள்ளைகளும் அதே பழக்கம். வேறு விருந்தினர்கள் தடுக்கி விழுந்துவிடுவார்களே என்று இம்மாகுலேற்தான் சப்பாத்துகளைச் சுவரோரம் தள்ளி, கீழே பழைய பத்திரிகைத்தாள் விரித்து வைப்பார். வெளியே சப்பாத்து இருந்தால் உள்ளே ஆள் உண்டு. கதவைத் தட்டவே தேவையில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கிடந்தது என்ன சப்பாத்து?"

"வெள்ளைக் கன்வஸ். மஞ்சள் நாடா. 412ஐ முடிச்சுக்கொண்டு வெளியாலை வரேக்கைதான் கண்டனான். பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பப் போகேக்கை அது இல்லை."

இதை ஏன் மேலாளரிடம் சொல்லவில்லை என்று மேர்வின் பதறினார். அவர்கள் கேட்டது 412ஐப் பற்றி மட்டும்தான் என்றார் இம்மாகுலேற். நால்வரும் வெளியே இருந்ததாக எழுதிக் கொடுத்தது கடிதம் கைக்கு வந்தபிறகுதான் தெரியும். அதிலும் தன்னைப் பற்றிய வரிகளைத் தாண்டிக் கண் போகவில்லை.

பாலேந்திரா இன்னொரு கேள்வி மட்டும் கேட்டார். 412க்கும் 414க்கும் இடையில் உள்கதவு இருக்கிறதா? இருக்கிறது. இரவில் அம்மா கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டு எடுத்த அறைகள் அவை. உள்கதவின் தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் எப்போதும் திறந்தே கிடக்கும். அதில் மின்பூட்டு இல்லை.

"அப்ப மருமோன்தான்," என்றார் மேர்வின். "நான் ரொறொன்ரோ மாமனெண்டு நினைச்சனான். பரவாயில்லை, மாத்திறன்."

"414இன்ர கதவுப் பதிவை எடுத்தால் எல்லாம் வெளிச்சம்," என்று அடுத்த நிமிடமே அவர் எழுந்தும் விட்டார்.

"எடுக்கலாம். அதோட அது பொலிசின்ர காகிதமாப் போயிடும்," என்றார் பாலேந்திரா. "கடைசிக்கு வைச்சிருப்பம். மூண்டரை மணித்தியாலம் இருக்கு."

ஹார்ட்லி ஹவுஸுக்கு பாலேந்திரா புதியவர் அல்ல. கோடையில் அவருடைய குழுக்கள் அங்கேதான் தங்கும். மேலாளர் நாற்பது வயதுள்ள, சுருக்கமாகப் பேசும் ஆங்கிலேயப் பெண். ஐந்து மணிக் கூட்டத்தில் இம்மாகுலேற்றுடன் துணைக்கு இருக்கப்போவதாகவும், அதற்கு முன் குடும்பத்தோடு தமிழில் பேச விரும்புவதாகவும் பாலேந்திரா சொன்னபோது, குடும்பம் சம்மதித்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் மேலாளர். 414இன் பதிவை அவர் பார்க்கவில்லை. முறைப்பாடு வந்தது 412க்கு. வேறு விருந்தினரின் அறைப் பதிவைக் காரணமில்லாமல் திறப்பது விடுதியின் வழக்கமில்லை. ஐந்து மணிக்குப் பிறகு காவல்துறை கேட்டால் திறப்பார்.

குடும்பம் கீழ்த்தள வரவேற்பறையின் மூலையில் அமர்ந்திருந்தது. நடு மேசையில், விடுதி அனுதாபமாக அனுப்பிய பழத்தட்டு. பப்பாசி, அன்னாசி, திராட்சை. தவநாயகியை 305க்கு மாற்றி, 412ஐப் பூட்டியிருந்தார்கள்.

முதலில் பேசியது விஜயரத்தினம். எழுபது வயதிலும் கணீரென்ற குரல். கனடாவில் என்றால் இந்நேரம் அந்தப் பொம்பிளையை உள்ளே போட்டிருப்பார்கள் என்று தொடங்கி, தமிழ் ஆட்களே தமிழ் ஆட்களைக் கொள்ளையடிப்பதைப் பற்றி அவர் ஐந்து நிமிடம் பேசினார். மேர்வின் அவரை உற்றுப் பார்த்தபடி பப்பாசித் துண்டொன்றை எடுத்தார். ரதீசன் மெலிந்த, சிறிய உடம்புக்காரன். கைபேசியைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தான். கௌசி தட்டைத் தன் பக்கம் இழுத்து, திராட்சையை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாப்பிட்டாள். தாய் முள்கரண்டியில் நீட்டிய அன்னாசித் துண்டை, "நீங்கள் சாப்பிடுங்கோம்மா," என்று தாய் பக்கமே திருப்பிவிட்டாள்.

பாலேந்திரா திருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. லண்டனில் என்னென்ன பார்த்தீர்கள் என்று தவநாயகியிடம் கேட்டார்.

அறுபத்தாறு வயதான தவநாயகிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பார்த்த ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு வைத்திருந்தார். பிக் பென்னுக்குப் பத்துக்கு எட்டு. அரண்மனைக்கு ஆறு, வாசலில் தள்ளுமுள்ளு அதிகம். பூங்காவில் நடமாடும் கூழைக்கடாக்களுக்குப் பத்துக்குப் பத்து.

"மனிசரைப்போல நடக்குதுகள், தம்பி. எங்கட அதிபர் ஒருத்தர் இருந்தவர், அச்சொட்டா அதே நடை."

ஞாயிறு காலையை அவர் இப்படிச் சொன்னார். நால்வரும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். சதுக்கத்தில் கௌசி, குதிரைப் படைவீரர்கள் காவல் மாறுவதைத் தான் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகப் பிரிந்தாள். மற்ற மூவரும் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குப் போனார்கள். அங்கே ரதீசன் கோப்பி வாங்கப் போனான்.

"நாப்பது நிமிஷம் வரிசையிலை நிண்டு வெறுங்கையோட வந்தவர் எங்கட மருமோன்," என்றார் விஜயரத்தினம். ரதீசன் தலை நிமிரவில்லை. மேர்வின் மேசைக்குக் கீழே பாலேந்திராவின் காலை மிதித்தார்.

கௌசி 11.40க்குப் பூங்காவில் வந்து சேர்ந்தாள். அதற்கு முன், 10.52க்கு, குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தவநாயகி கைபேசியை நீட்டினார். குதிரைப்படைத் தலைமையகத்தின் முன் உள்ள பெரிய சரளைக்கல் மைதானம். நீலச் சட்டையில் இடுப்புவரை கௌசி. பின்னால் வெளிறிய கல் கட்டடம் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. கீழே, "இஞ்சை நிக்கிறன், பதினொண்டுக்குத் தொடங்குமாம்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கோபுரத்தை வெட்டிப் போட்டாள்," என்றார் தாய். "அந்த மணிக்கூட்டுக் கோபுரம்தானே அதிலை வடிவு. இவளுக்கு வடிவாப் படம் எடுக்கத் தெரியும்."

பாலேந்திரா அடுத்த படத்துக்கு விரலை நகர்த்தினார். 11.46, பூங்கா. ஒரு கூழைக்கடாவும், இரண்டடி தள்ளிக் கௌசியும். காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, மஞ்சள் நாடா. அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். மேர்வினுக்குக் காட்டவில்லை.

பிறகுதான் பையைப் பற்றிக் கேட்டார். பை பெட்டியின் அடியில், இரண்டு சேலைகளுக்கு நடுவில் இருந்தது. அதே பெட்டியில் மேலாக இருந்த தோட்டுப் பெட்டி அப்படியே இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கழற்றி வைத்த மோதிரமும் இருக்கிறது. போன பையில் இருந்தவை: கடவுச்சீட்டு, பதினொரு பவுணில் ஒரு சங்கிலி, ஒரு சோடிக் குழந்தைக் காப்பு.

"பைக்குள்ளை நகை இருந்தது ஆருக்குத் தெரியும், அக்கா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பாஸ்போட் வைக்கிற பை எண்டுதான் எல்லாருக்கும் தெரியும். இஞ்சை ரோட்டிலை சங்கிலி அறுக்கிறாங்களாம் எண்டு அண்ணை பயப்பிடுத்தினவர். சனிக்கிழமை ராத்திரி கழட்டி அதுக்குள்ளை போட்டனான். காப்பு ஊரிலை இருந்தே அதிலைதான் கிடக்கு."

குழந்தைக் காப்பு யாருக்கு என்று பாலேந்திரா கேட்கவில்லை. தவநாயகியும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னார். பையைக் காணவில்லை என்றதும் பேசாமல் நின்ற மகள், மேலாளரிடம் பட்டியல் சொன்னபோது விம்மி விம்மி அழுதாளாம்.

"நகையிலை அவளுக்கு இவ்வளவு ஆசை எண்டு நான் நினைக்கேல்லை," என்றார் தாய்.

மூன்றரை மணிக்கு ரதீசன் புகைக்க வெளியே போனான். பாலேந்திரா பின்னால் போனார். மேர்வின் அழைக்காமலே தொடர்ந்தார். நாற்பது நிமிடக் கோப்பியைப் பற்றி நேராகவே கேட்டதும் ரதீசன் கைபேசியில் அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டினான். விமான நிறுவனம், 10.34 தொடங்கி 11.09 வரை. முக்கால்வாசி நேரம் பாட்டுத்தான் கேட்டதாகச் சொன்னான். மாமியின் பயணச்சீட்டை ஒரு மாதம் தள்ளிப்போட ஏலுமா என்று விசாரித்திருக்கிறான். ஏலுமாம். ஆனால் பயணி தானே கேட்கவேண்டும்.

"மாமியிட்டைக் கேட்டீங்களோ?"

"என்னெண்டு கேக்கிறது, அண்ணை? ஏன் எண்டு கேட்டால் மறுமொழி சொல்ல வேணுமெல்லே. கௌசி இப்ப சொல்லக்கூடாது எண்டிட்டா." அவன் சிகரெட்டைப் பற்றவைக்காமலே பெட்டிக்குள் வைத்தான். "நான் ஒண்டும் எடுக்கேல்லை. அந்த அக்கா எடுத்திருப்பா எண்டும் நான் நினைக்கேல்லை."

திரும்பி வரும்போது மேர்வினின் முகம் வாடியிருந்தது. மாமனும் இல்லை, மருமகனும் இல்லை. அப்படியென்றால் சப்பாத்தை நடக்கவிட்டது யார் என்று கேட்டார்.

"களவெடுக்க வந்த ஆள் என்னத்தை விட்டிட்டுப் போனது எண்டு பாரும்," என்றார் பாலேந்திரா. "கண்ணுக்கு முன்னாலை மோதிரம். பெட்டியைத் திறந்த உடனை தோடு. ரெண்டையும் தொடாமல் அடியிலை கிடந்த பையை மட்டும் எடுத்திருக்கு. பையிலை நகை இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது. பாஸ்போட் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். எடுத்த ஆளுக்குத் தேவைப்பட்டது பாஸ்போட். அதுவும் அவவின்ர பிளேனுக்கு முதல்."

மேர்வின் நடப்பதை நிறுத்தினார். "அவ போகக்கூடாது எண்டு நினைக்கிற ஆள்."

"ஓம். இனி நீர் கொஞ்சம் பின்னாலை வாரும். கதைக்காமல்."

மூன்று ஐம்பதுக்கு அவர் கௌசியிடம், அந்தக் காவல் மாறும் மைதானத்தைத் தனக்கு ஒருமுறை காட்ட முடியுமா, ஏழு நிமிட நடைதான் என்று கேட்டார். லண்டனை நடந்து காட்டிப் பிழைக்கிறவருக்குக் குதிரைப் படை மைதானத்தைக் காட்டுவதா என்று விஜயரத்தினம் கேட்டார். கௌசி தோள்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெரிய பை. வரவேற்பறையில் இருந்த நேரம் முழுவதும் அதை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை என்பதைப் பாலேந்திரா கவனித்திருந்தார்.

மைதானத்தில் ஆட்கள் குறைவு. மேற்கே பூங்கா மரங்களுக்கு மேலிருந்து வெயில் சாய்ந்து விழ, கட்டடத்தின் முகப்பு முழுவதும் தேன்நிறமாக இருந்தது. கோபுரத்தில் மணிக்கூடு நான்கு கடந்து மூன்று நிமிடம் காட்டியது. வழக்கமாகச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்வதுபோலவே பாலேந்திரா அவளுக்கும் சொன்னார். அந்த மணிக்கூட்டில் இரண்டாம் மணிக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. ஒரு அரசனின் தலையை வெட்டிய நேரத்தின் அடையாளம் என்பார்கள். ஆகவே இங்கே படம் எடுக்கிற எவரும் மணிக்கூட்டை விடமாட்டார்கள்.

கௌசி மேலே பார்க்கவில்லை.

"பிள்ளை, இந்தக் கட்டடம் மேற்கை பாத்தது," என்றார் பாலேந்திரா. "காலமை பதினொரு மணிக்கு இதின்ர முகத்திலை வெயில் விழாது. சூரியன் பின்பக்கம். நாங்கள் நிக்கிற இந்த இடம் நிழல். உங்கட படத்திலை வெயில் இப்ப மாதிரி முழுக்க முகத்திலை விழுது. அது பின்னேரம் எடுத்த படம்."

அவள் தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை இங்கே வந்தபோது கணவன் எடுத்த படமாக இருக்கலாம் என்றார் அவர். மணிக்கூடு இருந்தால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதை வெட்டவேண்டியிருந்தது. பதினொன்றுக்குத் தொடங்குமாம் என்று எழுதியதும் பிழை. மற்ற நாட்களில் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை பத்து. 10.52க்கு இங்கே நின்றிருந்தால் குதிரைகள் போய், சரளையைப் பெருக்குகிறவர்கள்தான் கண்ணில் பட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து 414இன் வாசலில், பத்திரிகைத்தாளுக்கு மேல் கிடந்தது.

"அதை ஆர் கண்டது?"

"இம்மாகுலேற். உங்கட சப்பாத்து நடைபாதையிலை ஊத்தைப்படக்கூடாது எண்டு ஒவ்வொரு நாளும் பேப்பர் விரிச்சு வைச்ச மனிசி. உள்ளுக்கை பிள்ளை படுத்திருக்கும் எண்டு தட்டாமல் போனவ."

கௌசி தோள்பையின் சிப்பை இழுத்துத் திறந்தாள். சிவப்புத் துணி தெரிந்தது. பின்னால் நின்ற மேர்வின் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் சொன்னது சிறிய கதை. சதுக்கத்தில் நிற்கும்போதே வயிற்றைப் புரட்டியது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று, காவல் மாறுவதைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அறைக்குத் திரும்பினாள். சத்தி எடுத்துவிட்டு, அவர்கள் தேடக்கூடாது என்று பழைய படத்தை வெட்டி அனுப்பினாள். பக்கத்து அறையில் துப்புரவு செய்யும் சத்தம் கேட்டது. அது ஓய்ந்தபிறகு எழுந்து உள்கதவால் போனாள். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. திட்டம் எதுவும் இருக்கவில்லை. பையை எடுத்தாள். விமானம் போனபிறகு கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்ததாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் ஒன்றேகாலுக்கே அம்மா பெட்டியைத் திறந்தார்.

"அதுக்குள்ளை அந்தக் காப்பு இருக்குமெண்டு நான் நினைக்கவே இல்லை, அண்ணை. ரெண்டு தரம் எனக்கு வயித்திலை நிக்கேல்லை. ரெண்டு தரமும் அம்மா வரேல்லை. அதைக் கொண்டு வந்திருக்கிறா, எனக்குக் காட்டவுமில்லை." அவள் முகத்தைத் துடைத்தாள். "திருப்பி வைக்கப் பாத்தன். அறையைப் பூட்டிப் போட்டினம்."

"காரணத்தை நான் கேக்கேல்லை. அன்னாசியை நீங்கள் தொடாததைக் கண்டனான், அது காணும்," என்றார் பாலேந்திரா.

"இன்னும் மூண்டு மாசம் ஆகேல்லை. சொல்லப்படாது."

"சொல்ல வேண்டாம். அது உங்கட விசயம். ஆனா அஞ்சு மணிக்கு ஒரு மனிசியின்ர பேர் போகப்போகுது. அது உங்கட விசயம் மட்டுமில்லை." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சுக்குப் பிறகு 414இன்ர கதவுப் பதிவை எடுப்பினம். அதுக்கு முதல் நீங்களாப் போய்ச் சொன்னால் இது குடும்பத்துக்குள்ளை நடந்தது. பிறகெண்டால் பொலிசுக்குள்ளை நடந்தது."

நான்கு நாற்பதுக்கு அவர்கள் வரவேற்பறைக்குத் திரும்பினார்கள். இம்மாகுலேற் அதே கறுப்புக் கோட்டில், குடும்பத்திலிருந்து தள்ளி, கதவோர நாற்காலியில் காத்திருந்தார். கௌசி நேரே தாயிடம் போய் சிவப்புப் பையை மடியில் வைத்தாள். தானே எடுத்ததாகச் சொன்னாள்.   தவநாயகி பையைத் திறந்து, கடவுச்சீட்டையும் சங்கிலியையும் ஒதுக்கி, காப்புச் சோடியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வந்த அண்டைக்கே தெரியும்," என்றார். "கேக்கப்படாதெண்டு கேக்கேல்லை. நீ சொல்லப்படாதெண்டு சொல்லேல்லை. நில்லுங்கோம்மா எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நிண்டிருப்பன். ஏனெண்டு ஆர் கேட்டது?"

கௌசி கதவோர நாற்காலிக்குப் போய்க் கைகூப்பினாள். இம்மாகுலேற் எழுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார்.

"என்னைக் கும்பிடாதேங்கோ, பிள்ளை. மேனேஜரிட்டைச் சொல்லுங்கோ. இங்கிலீசிலை, வடிவா, ஒண்டும் விடாமல்."

கௌசி மேலாளரின் அறைக்குள் போனாள். ரதீசனும் கூடப் போனான். மேர்வின் பழத்தட்டில் மீதமிருந்த அன்னாசியை முடித்தார். இம்மாகுலேற்றை ஏற்றிக்கொண்டு போகத் தன் காரை எங்கே விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

முறைப்பாடு மாலை 5.10க்குத் திரும்பப் பெறப்பட்டது. பொருள் குடும்பத்தவரிடமே இருந்தது என்று விடுதியின் சம்பவப் புத்தகத்தில் எழுதப்பட்டது. தவநாயகி அன்றிரவே விமான நிறுவனத்துக்குத் தானே தொலைபேசி எடுத்து, பயணத்தை ஒக்டோபர் 26க்கு மாற்றினார். செவ்வாய் காலை ஏழு மணிக்கு இம்மாகுலேற் நான்காம் மாடியில் வேலையைத் தொடங்கினார். அன்று அவருடைய தாளில் பதினான்கு அறைகள் இருந்தன.